பின்சீட்டுச் சத்தம்

ராஜராஜனை வெட்டிவிடுவது என்று முடிவு பண்ணித்தான் அன்றைக்குக் காரை எடுத்தேன். மறைக்க ஒன்றுமில்லை. ஸ்டேஷனிலும் இதைத்தான் சொன்னேன், இங்கேயும் இதைத்தான் எழுதுகிறேன். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

என் பேர் கோவிந்தராசு. ராஜராஜன் என் தம்பி பஞ்சநதத்தின் மகன். எனக்கு இடது காது கேட்காது. அது பஞ்சநதம் செய்த வேலை. ஆற்றில் தண்ணீர் வராமல் வயல் வெடித்துக் கிடந்த ஒரு வருஷம், மடையை யார் முதலில் திறப்பது என்று எங்களுக்குள் வாய்க்கால் மேட்டில் சண்டை வந்தது. மண்வெட்டிக் காம்பால் காதோடு சேர்த்து ஒரு போடு போட்டான். நான் சும்மா விடவில்லை. அவன் முன்பல் மூன்றையும் அந்தச் சேற்றிலேயே இறக்கினேன். அதோடு பேச்சு நின்றது. அவன் செத்தபோதுகூட நான் சுடுகாட்டுக்குப் போகவில்லை. போன தை மாதம் என் வைக்கோல் போர் எரிந்தது. யார் வைத்த நெருப்பு என்று யாரும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் எனக்கில்லை.

கார் என் மகன் பிரபு வாங்கியது. அவன் தோஹாவில் இருக்கிறான். லீவில் வந்தபோது வாங்கி ஓட்டிவிட்டு என் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டான். பெட்ரோலும் கரண்டும் மாறி மாறி ஓட்டுகிற வண்டி, ஹைபிரிட் என்கிறார்கள். கிளப்பினால் சத்தமே வராது. எனக்கு அதுவே பிடிக்கவில்லை. எரிகிறதா அணைந்துவிட்டதா என்று தெரியாத அடுப்பில் யாராவது உலை வைப்பார்களா? ஆனாலும் ஓட்டினேன். முப்பது வருஷம் டிராக்டர் ஓட்டியவனுக்கு இது என்ன?

அப்படிப்பட்ட வண்டியில்தான் ஒரு சனிக்கிழமை சத்தம் வந்தது. கிர்ர்ர்ர் என்று இழுக்கும். நடுவில் டிக் டிக் டிக் என்று எதையோ கொத்துகிற மாதிரி கேட்கும். பிறகு தானாக நிற்கும். நின்றுவிட்டது என்று மூச்சு விட்டால் மறுபடி ஆரம்பிக்கும். எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியவில்லை. ஒற்றைக் காதுக்காரனுக்கு எல்லாச் சத்தமும் வலது பக்கத்திலிருந்துதான் வரும். என் சீட்டுக்கு அடியிலிருந்து வருவதாகவே பட்டது.

அதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொல்லவேண்டும். நான் வயலில் இருந்தேன். வீட்டில் என் சம்சாரம் பூவம்மாள் தலைசுற்றி விழுந்துவிட்டாள். ராஜராஜன் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து வயலிலிருந்து ஓடிவந்து, ஆணியில் மாட்டியிருந்த சாவியை எடுத்து, என் காரிலேயே அவளை மன்னார்குடிக்குக் கொண்டுபோனான். சாயங்காலம்வரை கார் அவன் கையில். பூவம்மாள் பிழைத்துக்கொண்டாள். எல்லாரும் அவனைப் புகழ்ந்தார்கள். நான் புகழவில்லை. பத்து வருஷத்துக்கு மேலாக என் வாசலை மிதிக்காதவனுக்குத் திடீரென்று எதற்கு என் கார் சாவி?

சத்தம் வந்ததும் எனக்கு விளங்கிவிட்டது. பேட்டரியில் கை வைத்திருக்கிறான். இந்த மாதிரி வண்டி ரோட்டில் நின்று கொழுந்துவிட்டு எரிவதை எல்லார் போனிலும் பார்க்கிறோம். வைக்கோல் போர் எரிந்த மாதிரி நானும் காரோடு எரியவேண்டும், அவ்வளவுதான் கணக்கு.

முதலில் தஞ்சாவூரில் கம்பெனி ஷெட்டுக்குப் போனேன். சட்டையை உள்ளே விட்ட பையன் ஒருத்தன் கம்ப்யூட்டரை மாட்டினான்.

"ஒரு எரரும் இல்ல சார். வண்டி நார்மல்."

"சத்தம் கேக்குதே?"

"கம்ப்யூட்டர்ல காட்டல சார்."

"கம்ப்யூட்டருக்குக் காது இருக்காடா?"

மேனேஜர் வந்தார். அவரும் நார்மல் என்றார். மேஜையில் இருந்த கண்ணாடித் தம்ளரைத் தள்ளிவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து நானே தேடினேன். என் சீட்டை அருவாளால் கிழித்தேன். அடியில் இருந்த கார்ப்பெட்டை உரித்து வெளியே எறிந்தேன். கதவின் உள்பலகையை நெம்பினேன், அது இரண்டாகப் பிளந்தது. ஒன்றும் கிடைக்கவில்லை. பூவம்மாள் கொல்லைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் புள்ள இல்லைன்னா இந்நேரம் என் கருமாதிக்கு நாள் பாத்துகிட்டிருப்பீங்க. அவனையா சந்தேகப்படுறீங்க?"

"உன்னைக் காப்பாத்துனா என்னை எரிக்கக்கூடாதா? ரெண்டும் வேற வேற வேலைதானே."

"நல்ல காதாவது நல்ல காதா இருந்தா தேவலாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலையில் அருவாளைத் தீட்டிக் காரில் வைத்துக்கொண்டு கூத்தாநல்லூருக்குக் கிளம்பினேன். அங்கே சித்தீக் என்று ஒரு மெக்கானிக் இருக்கிறார். சார்ஜாவில் பதினாலு வருஷம் டாக்சி ஷெட்டில் இருந்தவர், அங்கே டாக்சியே இந்த மாதிரி வண்டிதானாம். அவர் வாயால் கேட்டுக்கொண்டு, அங்கிருந்து நேரே ராஜராஜன் வயலுக்குப் போவது என் திட்டம். என்ன வைத்தான் என்று தெரியாமல் வெட்டக்கூடாது என்ற அளவுக்கு எனக்கு நியாயம் இருந்தது.

சித்தீக் கிழிந்த சீட்டைப் பார்த்தார், பிளந்த கதவைப் பார்த்தார், அருவாளையும் பார்த்தார்.

"என்ன பெரியவரே, வண்டி கடிச்சிடுச்சா?"

"என்ன வச்சிருக்கான்னு கண்டுபிடி பாய். மத்ததை நான் பாத்துக்கறேன்."

"யாரு?"

"என் தம்பி மவன்."

அவர் கதவைத் திறந்தார். எங்கேயோ விர்ரென்று ஒன்று ஓடி நின்றது.

"இதா?"

"இது இல்ல."

"இது பிரேக்குக்கு ஓடுற பம்பு. இருக்கவேண்டியதுதான்." வண்டியை மெதுவாக நகர்த்தினார். ஊங் என்று ஒரு சத்தம். "இதா?"

"இதுவும் இல்ல."

"நடந்துபோறவங்களுக்கு வண்டி வர்றது தெரியணும்ல, அதுக்குக் கம்பெனியே வச்ச சத்தம் இது."

"சத்தம் வராத வண்டின்னு வித்துட்டு, சத்தத்தைத் தனியா வேற வச்சானா?"

"ஆமா" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஜாக்கி போட்டு நாலு சக்கரத்தையும் தூக்கிச் சுற்றிப் பார்த்தார், பிரேக்கில் கல் ஏதும் சிக்கியிருக்கிறதா என்று. இல்லை.

"எப்பலேருந்து வருது?"

"அவன் தொட்டதுலேருந்து. போன செவ்வாய்."

"செவ்வாய்க்கு அப்புறம் எங்க போனீங்க?"

"வெள்ளிக்கிழமை திருக்காட்டுப்பள்ளி போனேன், விதை வாங்க. அப்புறம் தஞ்சாவூர் கம்பெனி ஷெட்டு. வேற எங்கயும் இல்ல."

"போறப்ப சத்தம் இருந்துச்சா?"

யோசித்தேன். ஞாபகம் இல்லை. "இருந்துச்சு" என்றேன்.

அந்த நேரத்தில்தான் ராஜராஜன் பைக்கில் வந்து இறங்கினான். பூவம்மாள் போன் பண்ணியிருக்கிறாள், பெரியப்பா அருவாளோடு கூத்தாநல்லூர் ஷெட்டுக்குக் கிளம்பிவிட்டார், தடுத்து நிறுத்து என்று. வெட்டுப்படப்போகிறவனுக்கே தகவல் சொன்ன புண்ணியவதி.

"என்ன பெரியப்பா இது? ஊரு பூரா என்னைக் கொலைகாரன்னு சொல்லிட்டு வர்றீங்க? டீக்கடையில ஒருத்தனுக்கும் மூஞ்சிய காட்டமுடியல!"

"மூஞ்சிய வச்சிருந்தாதானே காட்டணும்" என்று சொல்லிவிட்டு அருவாளை எடுத்தேன்.

அவன் ஓடுவான் என்று நினைத்தேன். ஓடவில்லை. கழுத்தைப் பார்த்து வீசினேன். இடது கையைக் குறுக்கே கொடுத்தான். அருவாள் முழங்கைக்குக் கீழே இறங்கி எலும்பில் போய் நின்றது. பிடுங்கினேன். ரத்தம் என் முகத்தில் பீய்ச்சியது. கண் தெரியாமல் மறுபடி ஓங்கினேன். அதற்குள் அவன் வயிற்றில் உதைத்தான். டயர் அடுக்கின்மேல் போய் விழுந்தேன். எழுந்திருக்கும்போது வீல் ஸ்பானரால் வாயிலேயே அடித்தான். இரண்டு பல் நாக்கில் வந்து கிடந்தது. துப்பிவிட்டு, ஒரு கையால் அவன் காலைப் பிடித்து இழுத்தேன். இரண்டு பேரும் ஆயில் தரையில் உருண்டோம். அருவாள் அவன் தோளில் ஒரு கோடு போட்டது. அவன் என் தலைமுடியைப் பிடித்துத் தரையில் மோதினான். நான் அவன் வெட்டுக்காயத்துக்குள் கட்டைவிரலை விட்டு அழுத்தினேன். மாடு மாதிரி கத்தினான்.

வண்டி கழுவுகிற பைப்பைத் திருப்பி எங்கள் மூஞ்சியில் அடித்தார் சித்தீக். அந்தத் தண்ணீர் வேகத்தில் இரண்டு பேரும் தனித்தனியாகப் போய் விழுந்தோம்.

"ஷெட்டுக்குள்ள ஏன்யா சாவுறீங்க? எனக்கும் புள்ளகுட்டி இருக்கு! எந்திரிங்க ரெண்டு பேரும், ஆஸ்பத்திரிக்கு!"

தன் துண்டை இரண்டாகக் கிழித்து ராஜராஜன் கையை இறுகக் கட்டினார். துண்டு உடனே சிவந்துபோனது. உதடு வெளுத்துப்போய் ராஜராஜன் சொன்னான்:

"நான் வரல பாய். சத்தம் என்னன்னு கண்டுபிடிங்க."

"கை போயிடும்டா தம்பி."

"போகட்டும். நாளைக்கு நீங்க தனியா கண்டுபிடிச்சா, பாய்க்குக் காசு குடுத்து மறைச்சிட்டேன்னு சொல்லுவாரு. இவரைப் பத்தி உங்களுக்குத் தெரியாது. இப்பவே, இவரு கண்ணு முன்னாடியே பாக்கணும்."

அப்படித்தான் சொல்லியிருப்பேன். அவன் சொன்னதில் அது ஒன்று சரி.

நின்ற வண்டியில் சத்தம் வராது, சூடு ஏறினால்தான் வரும், ஓட்டவேண்டும் என்றார் சித்தீக். யாராவது பின்னால் உட்கார்ந்து காதை வைத்துக் கேட்கவேண்டும். எனக்கு ஒரு காதுதான். ஆகவே ராஜராஜன் பின்னால் ஏறினான். நான் முன்னால், வண்டி ஓட்டுகிற சித்தீக்குக்குப் பக்கத்தில். அருவாளைக் கொடுத்தால்தான் வண்டியை எடுப்பேன் என்றார். கொடுக்கமாட்டேன் என்றேன். கடைசியில் என் காலுக்கடியில் போட்டு மிதித்துக்கொள்வது என்று முடிவானது.

வெண்ணாற்றுக் கரை ரோட்டில் போனோம். ஆவணி வெயில். ஆற்றில் இரண்டு கரையும் தொட்டுத் தண்ணீர் ஓடியது. என் வாயிலிருந்து ரத்தம் வேட்டியில் சொட்டியது. இரண்டு மைல் தாண்டியதும் அது வந்தது. கிர்ர்ர்ர். டிக் டிக் டிக்.

"வருது பாய்!" ராஜராஜன் பின்னால் சீட்டோடு முகத்தைத் தேய்த்துக்கொண்டு தேடினான். "முன்னாடி இல்ல... நடுவுல இல்ல... இந்தா, இடது ஓரம். சீட்டுக்குப் பக்கத்துல சல்லடை மாதிரி சின்னதா ஒண்ணு இருக்கு. அதுக்குள்ளதான்."

எனக்கு மண்டைக்குள் ஏதோ வெடித்தது. சீட்டைக் கிழித்து, கதவைப் பிளந்து, நான் ஒருநாள் பூராவும் தேடியும் கிடைக்காதது இவனுக்கு இரண்டு நிமிஷத்தில் கிடைக்குமா? வைத்தவனுக்குத்தானே இடம் தெரியும்!

"வச்ச இடத்தை நீயே காட்டுறியாடா?"

குனிந்து அருவாளை எடுத்துத் திரும்பி வீசினேன். அவன் தலையைத் தாழ்த்திக்கொண்டான். தலை இருந்த இடத்தில் அருவாள் இறங்கி, சீட்டில் கைப்பிடிவரை புதைந்தது. பஞ்சு பறந்தது. சித்தீக் பிரேக்கை மிதித்தார். என் நெற்றி முன்கண்ணாடியில் மோதி, கண்ணாடி சிலந்திவலை மாதிரி விரிந்தது. கார் கரையின் விளிம்பில் போய்க் குறுக்கே நின்றது. இன்னும் ஒரு முழம் போயிருந்தால் மூன்று பேரும் ஆற்றில்.

சித்தீக் ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் போட்டார். பிறகு என் பக்கம் திரும்பி என் கன்னத்தில் ஓங்கி அறைந்தார். என்னைவிட இருபது வயசு சின்னவர். வாயில் வழிந்த ரத்தத்தை வேட்டியில் துடைத்துக்கொண்டேன்.

ஷெட்டுக்குத் திரும்பினோம். சீட்டில் செருகியிருந்த அருவாளை யாரும் பிடுங்கவில்லை. அது அப்படியே நிமிர்ந்துகொண்டு எங்களோடு வந்தது.

சித்தீக் ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு பின்னால் ஏதோ ஒரு பிளக்கைக் கழற்றினார்.

"பத்து நிமிஷம் நிக்கணும். உள்ள இருக்கிற கரண்டு இறங்கணும். இந்த ஆரஞ்சு கலர் ஒயரை இப்பத் தொட்டா, பெரியவர் வெட்டவே வேணாம், எல்லாருக்கும் ஒரே நேரத்துல முடிஞ்சிடும்."

அந்தப் பத்து நிமிஷம் நாங்கள் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தோம். ராஜராஜன் கட்டுப்போட்ட கையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்திருந்தான். ரத்தம் கை வழியாக இறங்கி அக்குளுக்குள் போனது. நான் அவன் கழுத்தையே பார்த்தேன். பேட்டரியில் ஒரு திருகு, ஒரு கம்பி, எது மாறியிருந்தாலும் அந்தக் கழுத்து எனக்கு. அருவாள் எனக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது.

சித்தீக் சல்லடையைக் கழற்றினார். அதற்குள் ஓரம் பிய்ந்த ஒரு வலை. அதுவும் தூசி அப்பி அடைத்துக் கிடந்தது.

"பேட்டரி சூடாகாம இருக்க உள்ள ஒரு ஃபேன் ஓடும். இந்த வழியாத்தான் காத்தை இழுக்கும். யாரோ இதை ஒட்டி எதையோ வச்சிருக்கீங்க, அதோட தூசியெல்லாம் உள்ள போயிருக்கு. வழி அடைஞ்சதும் ஃபேன் வேகமா சுத்தியிருக்கு. அதுதான் அந்தக் கிர்ர்ர். வேற ஒரு கெடுதலும் இல்ல, எரியாது, வெடிக்காது." ஃபேனைக் கையோடு எடுத்து, கவிழ்த்துத் தட்டினார். "இந்த டிக் டிக்குதான் என்னன்னு..."

சிமெண்டுத் தரையில் பொலபொலவென்று உதிர்ந்தது. நெல்.

"பாத்தியா!" என்று எழுந்தேன். "நெல்லை அள்ளிப் போட்டிருக்கான்! பாத்தியா பாய், பாத்தியா!" அருவாளின் பிடியில் கை வைத்துவிட்டேன்.

சித்தீக் ஒரு நெல்லை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். "என்ன பெரியவரே, நெல்லு கறுப்பா இருக்கு? கருகிடுச்சா?"

கருகவில்லை. நான் குனிந்து அள்ளினேன். ஏழு நெல். தூசியும் பதரும் நிறைய. உமி கறுப்பு, மூக்கு கூர்மை. கருங்குறுவை. எங்கள் சுற்றுவட்டாரத்தில் அதைப் போடுகிறவன் நான் ஒருத்தன்தான். ராஜராஜன் சர்க்கார் விதை டெப்போவில் கொடுக்கிற வெள்ளை நெல்லைத் தவிர வேறு எதையும் தொட்டதில்லை. என் கறுப்பு நெல்லைப் பார்த்து, பெரியப்பா எலிப்புழுக்கை விதைக்கிறார் என்று சொன்னவன்.

வெள்ளிக்கிழமை திருக்காட்டுப்பள்ளியில் இரண்டு மூட்டை வாங்கினேன். டிக்கியில் வைத்தால் சூட்டில் முளைப்புப் போய்விடும். அதனால் பின்சீட்டில் வைத்து, ஏசியைப் போட்டு, பிள்ளையைக் கூட்டிவருகிற மாதிரி கூட்டிவந்தேன். வழியில் நிறுத்தி, விதை ஈரமா என்று பார்க்க ஒரு மூட்டையின் வாயைப் பிரித்தேன். திருப்பிக் கட்டினேன், சரியாகக் கட்டவில்லை. அந்த மூட்டைதான் இடது ஓரத்தில், அந்தச் சல்லடையை அணைத்துக்கொண்டு, எழுபது கிலோமீட்டர் வந்தது.

வாய் திறந்து சொல்லவேண்டிய அவசியம் இல்லை. ராஜராஜனும் விவசாயிதான். என் உள்ளங்கையை எட்டிப் பார்த்தான். பார்த்ததும் தெரிந்துகொண்டான். நெல்லைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

அவன் எழுந்து, நல்ல கையால் சீட்டிலிருந்து அருவாளைப் பிடுங்கினான். சித்தீக், "தம்பி, வேணாம்" என்று பின்னால் போனார். நான் நகரவில்லை. நகர்ந்தால் அசிங்கம் என்று பட்டது. அவன் முகம் கோணிப்போயிருந்தது. மூக்கிலிருந்து சளி ஒழுகியது. அவன் ஓங்கியபோது, கைக்குள் அருவாளைத் திருப்பிப் பிடித்ததைப் பார்த்தேன். முதுகுப் பக்கத்தால்தான் இறக்கினான். கழுத்தெலும்பு மடாரென்று முறிந்தது. அந்தச் சத்தம் எனக்கு இடது காதிலும் கேட்ட மாதிரி இருந்தது.

மண்டியிட்டு விழுந்தேன். இவன் அப்பனும் அன்றைக்கு மண்வெட்டியின் இலையால் போடவில்லை, காம்பால்தான் போட்டான். அத்தனை வருஷமாக அது எனக்குத் தோன்றவில்லை.

"இன்னொண்ணு போடு" என்றேன்.

"போங்க பெரியப்பா" என்று அருவாளைக் கீழே போட்டுவிட்டு அவனும் உட்கார்ந்துவிட்டான்.

ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்று சித்தீக் ஃபேனைத் துடைத்து மாட்டினார். அதே காரில் எங்கள் இரண்டு பேரையும் பின்சீட்டில் ஏற்றினார். கிழிந்த பஞ்சின்மேல் அவன் ஒரு ஓரம், நான் ஒரு ஓரம். வண்டி வேகமாகப் போனது. கிர்ர்ர் இல்லை, டிக் டிக் இல்லை. ஒரு சத்தமும் இல்லை. அவன் எனக்கு வலது பக்கம் உட்கார்ந்திருந்தான். மன்னார்குடிவரை அவன் முனகியது ஒன்றுதான் கேட்டது.

ஆஸ்பத்திரியில் அவனுக்கு உள்ளே தையல் போட்டார்கள். இரண்டு விரல் இனி மடங்காது என்றார்கள். பூவம்மாள் வந்தாள். என்னைத் தாண்டி அவனிடம் போய் உட்கார்ந்தாள். பிறகு போலீஸ்காரர் ஒருத்தர் நோட்டோடு வந்தார்.

"யாரு வெட்டினது?"

"இவருதான். எழுதிக்குங்க" என்றான் ராஜராஜன்.

"ஆமா, நான்தான். எழுதிக்குங்க" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "என்னய்யா தகராறு? நெலமா, தண்ணியா?"

"காருல சத்தம் வந்துச்சு."

"என்ன சத்தம்?"

எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நல்ல கையைச் சட்டைப் பைக்குள் விட்டு, அந்த ஏழு நெல்லையும் எடுத்து அவர் நோட்டின்மேல் வைத்தேன்.